உன் மாராப்புச் சூட்டில் பிழைத்தவள்

அம்மிணி,

இன்று பேரனுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தோம். நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்தாள். வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நர்ஸம்மா, நீங்க தொடைக்கறதும் நா குடிச்சதும் ஒரே வாசமா இருக்குதுங்க" என்று ஒருமுறை சொன்னாயே! நீ போய் இரண்டு வருஷமாகிறது.

ஊருக்கு ஊர் சாராயக்கடை திறந்திருந்த எண்பதுகளின் தொடக்கம். ராசிபுரம் பக்கம் கிணறு வெட்ட வந்த கூட்டத்தில் மண் சுமந்தவள் நீ. எங்கள் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பெற்றாய். மாதம் நிறைந்துதான் பிறந்தாள். கொளுத்தும் சித்திரையிலும் உடம்பு சில்லென்றிருந்தது. துணி சுற்றிச் சூடேற்றினோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி குளிர்ந்தது.

குடிப்பாயா என்று டாக்டரம்மா கேட்டார். நீ ஒளிக்கவில்லை.

"மண்ணு சொமந்து இடுப்பு உட்டுப்போகுதுங்க. அந்தியில ஒரு கெளாசு குடிச்சாத்தான் தூக்கம். மாசமான பொறவும் உடலீங்க."

"நீ குடிச்சா வயித்துப் புள்ளைக்கும் அது போகுதும்மா. அப்படிப் பொறக்கற சில புள்ளைங்களுக்கு ஒடம்பைத் தானா சூடா வெச்சுக்கற சக்தி கம்மியா இருக்கும். இதுவும் அதனால இருக்கலாம்" என்றார்.

நான் வார்டே கேட்கும்படி உன்னைத் திட்டினேன். "இத ஆருமே சொல்லலீங்களே நர்ஸம்மா. வலிக்கு நல்லதுன்னுதானுங்க குடுத்தாங்க" என்று அழுதாய். ஐந்தாம் மாதத்தில் உனக்கு ஊசி போட்டவள் நான்தான். குடிப்பாயா என்று அன்று நான் கேட்கவும் இல்லை, குடிக்காதே என்று சொல்லவும் இல்லை. திட்டுவதை நிறுத்தினேன்.

குழந்தையை வெற்றுடம்பாய் உன் மார்பில் ஒட்டவைத்துச் சேலையைச் சுற்றிவிட்டேன். ஒன்பது நாள் இறக்கிவைக்கவில்லை நீ. குளிப்பாட்ட வந்த மாமியாரை, "கிட்ட வந்தீங்கன்னா கெட்ட கோவம் வருமுங்கத்தே" என்று விரட்டினாய். நீ எழுந்து போகும்போது உன் புருஷன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்வான். "ஏனுங்க, நானே பெத்தவனாட்டத் தெரியறனுங்களா?" என்பான். வார்டே சிரிக்கும். பத்தாம் நாள் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவும் சிரித்தார்.

அன்றோடு குடியை விட்டாய். சும்மா விட்டாயா? சந்தையில் வயிறு தள்ளிய எவளைக் கண்டாலும் கையைப் பிடித்து நிறுத்துவாய். "ஒரு சொட்டு வேண்டாஞ் சாமி, புள்ள சில்லுன்னு பொறக்கும். ஆசுபத்திரி நர்ஸம்மாவக் கேளு" என்பாய். குடிக்காதவர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

படிப்பு உன் மகளுக்கு மெதுவாகத்தான் வந்தது. இப்போது மல்லசமுத்திரத்தில் தையல்கடை வைத்திருக்கிறாள். வாய் உன்னைப் போலவேதான்.

ஓய்வு பெறும்வரை, வந்த ஒவ்வொரு கர்ப்பிணியையும் பக்கத்தில் உட்காரவைத்து, உன்னிடம் கேட்காமல் விட்டதைக் கேட்டேன். ஒருத்தியிடமும் குரல் உயர்த்தவில்லை.