ஹீட்டரின் சிவப்புப் பொத்தான்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகமா? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஹாஸ்டலில் நான் நன்றாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில், "ஹீட்டரு சுடவே மாட்டேங்குது சாமி, அதுல லைட்டும் எரியல" என்றீர்கள். நான் பதில் சொல்வதற்குள், "அஞ்சு நிமிஷம் ஆச்சு, வையி" என்று வார்டன் போனை வாங்கிக்கொண்டார்.

மெயினை அணைத்துவிட்டு ஹீட்டரின் அடிமூடியைக் கழற்றினால் சின்னதாக ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். சூடு மிஞ்சினால் அது வெளியே துருத்திக்கொள்ளும். உள்ளே அழுத்தினால் சரியாகிவிடும். போன தீபாவளிக்கு நான்தான் அழுத்தினேன்.

இங்கே காலை நாலரை மணிக்குப் பச்சைத் தண்ணீர்க் குளியல். போன வாரம் லேசாகக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு நீட் மாதிரித் தேர்வையும் எழுதிவிட்டேன், பயப்படாதீர்கள். ஒரு போர்வையும் தேங்காய் எண்ணெயும் கொடுத்து அனுப்புங்கள்.

நம் ஊர் சங்ககிரி பஸ் எங்கள் மதிலை ஒட்டித்தான் போகிறது. ஹாரன் கேட்கும், பஸ் தெரியாது.

வழக்கமாக வார்டன் படித்த பிறகுதான் கடிதம் வெளியே போகும். இதைத் தோழி மோனிஷாவின் அம்மா மறைத்து எடுத்துப்போய்த் தபாலில் போடுகிறார். அதனால் கேட்கிறேன்.

அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள் அப்பா. வார்டனைக் கூப்பிட்டு, "அது எம் பொண்ணுக்கு மட்டுந்தானுங்க தெரியும், ரெண்டு நாள் அனுப்பி வைங்க" என்று சொல்லுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள்.

தனுஸ்ரீ