என் அறையில் கதிர்வீச்சு இல்லை என்று அளந்து காட்டக் கோருதல்

அனுப்புநர்:
ஜெ. ஜெனிஃபர், வயது 27,
த/பெ ஜெரோம்,
அங்கன்வாடி மையம் அருகில், புதுக்குடியிருப்பு,
திருக்கழுக்குன்றம் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
திருக்கழுக்குன்றம்.

பொருள்: எங்கள் வீட்டில் கதிர்வீச்சு இருப்பதாகப் பரவிய வதந்தி – கருவி வைத்து அளந்து ஊருக்கு அறிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கருந்துளைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கருந்துளைக்குள் விழப்போகும் வாயு சுழன்று சூடேறி எக்ஸ் கதிர்களை வீசும். அதன் பிரகாசம் நொடிக்கு நொடி கூடும், குறையும். அது ஏன் என்பதே என் ஆய்வு. அந்தக் கதிர் காற்று மண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது. செயற்கைக்கோள் மேலேயே அதை எண்ணி அனுப்புகிறது. என் மடிக்கணினியில் இருப்பவை வெறும் எண்கள்.

2. சென்ற மாதம் அணுமின் நிலைய அவசரகால ஒத்திகை நடந்த அன்று, பக்கத்து வீட்டு திருமதி சம்பூர்ணம் உறைமோர் கேட்டு வந்தார். மடிக்கணினித் திரையில் இருந்த வரைபடக் கோட்டைப் பார்த்து, "இன்னாம்மா இது, ஏறிகினே கீது?" என்று கேட்டார். "எக்ஸ்ரேதான், அக்கா. இந்த இடத்தில் ரொம்ப ஏறுகிறது" என்று சொல்லித் தொலைத்தேன். அந்த நேரம் பார்த்தா ஒத்திகைச் சங்கு ஊத வேண்டும்! கிண்ணத்தை விட்டுவிட்டு ஓடிவிட்டார்.

3. சங்கு ஊதினால் ஜன்னலைச் சாத்தி, கிணற்றை மூடிப் பழகிய ஊர் எங்களுடையது. அவர் பயந்ததில் தவறில்லை. அவர்மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

4. என் தாயார் ஹெலன் பதினோரு ஆண்டுகளாக இங்கே அங்கன்வாடிப் பணியாளர். எங்கள் வீட்டுக்கும் மையத்துக்கும் ஒரே சுவர். இருபத்திரண்டு குழந்தைகள் வந்த இடத்தில் இப்போது மூவர் வருகிறார்கள். அவித்த முட்டை சட்டியிலேயே கிடக்கிறது. பணியாளரை மாற்றச் சொல்லி ஊரார் கையெழுத்து வாங்குகிறார்கள். என் படிப்பு என் தாயாரின் வேலைக்கு உலை வைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, ஐயா.

5. ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோருக்கும் விளக்கினேன். கருந்துளை எதையும் விழுங்கிவிடும் என்றதும் பாதிப்பேர் எழுந்து போய்விட்டனர். திரையில் இருந்த அந்த வரைபடத்தின் நகலை இணைத்துள்ளேன். தொட்டால் ஒன்றும் ஆகாது.

ஆகவே, கதிர்வீச்சு அளக்கும் கருவியுடன் அலுவலர் ஒருவரை அனுப்பி, என் அறையிலும் மையத்திலும் ஊரார் பார்க்க அளந்து, அந்த அளவை மையத்தின் சுவரில் ஒட்டச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

இன்னும் ஒன்று. என் அறையிலிருந்த குடிதண்ணீர்க் குடத்தை என் தாயார் போன வாரம் சமையலறைக்கு மாற்றிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, குடத்தின் வாயை இறுக மூடினார். அளக்கும்போது ஊராருக்குக் காட்டுவதற்கு முன், முதலில் என் தாயாருக்கு அந்தக் கருவியைக் காட்டும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: புதுக்குடியிருப்பு
நாள்: 14.07.2025

தங்கள் அலுவலரின் வருகைக்குக் காத்திருக்கும்,
ஜெ. ஜெனிஃபர்