புகை வாடை போன வண்டி

என் வீட்டுக்காரம்மாவுக்கு,

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் நம் காருக்குள்ளேயே மாட்டிக்கொண்டேன். ஹாரன் நிற்கவில்லை, முன்கதவுகள் திறக்கவில்லை, டேஷ்போர்டிலிருந்து புகை வேறு. நான் அலறிய அலறலில் எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து, "தம்பி, பின்கதவு திறந்துதானே கெடக்கு!" என்றார்.

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் இருபது நாள் ஆகிறது. "சிகரெட் நாத்தம் போற வரைக்கும் ஏற மாட்டேன்" என்றாய். வண்டியைத்தான் சொன்னாய் என்று எடுத்துக்கொண்டேன். கூரைத் துணியை மாற்றிவிட்டேன். நெருப்பு விழுந்து ஓட்டையான சீட்டுக்கு நீல உறை. தரைவிரிப்பை மூன்று முறை துவைத்தேன்.

வண்டியைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டேதான் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"எரிஞ்சு போன ஃபியூஸ்ல சிகரெட் பெட்டி வெள்ளித்தாளச் சுத்தி வெச்சது யாரு சார்? வயரே உருகிக் கெடக்கு. ஓட்டிட்டுப் போயிருந்தா குடும்பத்தோட எரிஞ்சிருப்பீங்க."

"முன்னாடி வெச்சிருந்தவன்" என்றேன். பதினாறு வருடமாக அது நம் வண்டி.

நீ பக்கத்தில் உட்காரும் இடத்தைப் பார்த்தேன். வயரை மாற்றிப் புது ஃபியூஸ் போட்டாயிற்று. அன்றோடு சிகரெட்டையும் விட்டுவிட்டேன், சத்தியமாக. ஞாயிறு காலை பத்து மணிக்கு உன் அக்கா வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பேன். நீ வெளியே வருவாயா?

உன் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: இன்று காலை ஃபியூஸ் மறுபடி போய்விட்டது. கவலைப்படாதே, ஹாரன் இப்போது அடிக்கிறது. வெள்ளித்தாளுக்குக்கூட அலையவில்லை, சட்டைப்பையிலேயே இருந்தது.