பார்த்தாச்சு

மார்ச் 4, செவ்வாய்
மாவுக்கட்டைப் பிரித்தார்கள். இடது கை மெலிந்து, யாருடைய கையோ போலத் தொங்குகிறது. வலது கைக்கு ஒன்றுமில்லை, தாராளமாக வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. அந்தக் கைதான் ஏழு வாரமாக பிரஷ்ஷைத் தொடவில்லை.

மார்ச் 7
பேக்கரிக்கு போர்டு எழுத உட்கார்ந்தேன். முதல் எழுத்தின் சுழி நிற்காமல் சுற்றிக்கொண்டே போய்க் கயிறாகிவிட்டது. துடைத்துவிட்டு எழுதினேன். மறுபடியும் கயிறு. பேக்கரிக்காரர் நல்ல மனிதர், அவசரமில்லை என்று டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் 12
தங்கை வந்தாள். மாலை போட்டு மாட்ட அவள் புருஷனை, எங்கள் மாப்பிள்ளையை, ஒரு படம் வரைந்து தர வேண்டுமாம். போட்டோவில் எல்லாம் விறைப்பாக நிற்கிறாராம். "நீ வரைஞ்சாதாண்ணா அவர் மாதிரியே இருக்கும். இருபது வருஷம் ரெண்டு பேரும் ஒரே பலகையில நின்னீங்க." சரிம்மா என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 16
முகம் வரவில்லை.

மார்ச் 19
இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

உயரமான சுவரில் எழுதும்போது மாப்பிள்ளையும் நானும் பலகையை இரண்டு கயிற்றில் தொங்கவிடுவோம். அவன் முனையை அவன் மொட்டை மாடியில் கட்டுவான், என் முனையை நான். பிறகு இடம் மாறி, அவன் முடிச்சை நானும் என் முடிச்சை அவனும் இழுத்துப் பார்த்த பிறகுதான் இறங்குவோம். இதை வைத்து இரண்டு பேரையும் சந்தேகப் பிராணிகள் என்று தங்கை கேலி செய்வாள்.

அன்றைக்கு மழை திரண்டு வந்தது. பாதி எழுத்து கரைந்துவிடுமே என்று எனக்கு அவசரம். "பாத்தியா மச்சான்?" என்று கேட்டான். "பாத்தாச்சு" என்றேன்.

பார்க்கவில்லை. தொடக்கூட இல்லை.

கயிறு அறுந்தது என்று எல்லோரும் பேசுகிறார்கள். அறுபடவில்லை, அவன் முடிச்சு உருவிக்கொண்டு அவன் கீழே போனான். என் கயிற்றில் இடது கை சிக்கி ஒடிய நான் தொங்கினேன், மேலே இழுக்கும்வரை. கீழே பார்க்காமல் சுவரையே பார்த்தேன். என் முடிச்சை அவன் பார்த்திருந்தான். அதனால்தான் இந்தப் பாவி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 27
மூன்று நாளாக வரைகிறேன், சாப்பாடுகூட நினைவில்லை. இப்படி ஒரு கை எனக்கு இருந்ததே தெரியாது. மாப்பிள்ளை குனிந்து என் முடிச்சை இழுத்துப் பார்க்கிறான். உதட்டைக் கடித்திருக்கிறான். அவனேதான். பின்னால், அவன் முடிச்சுக்குப் பக்கத்தில் நான், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

இரண்டு தடவை என்னை அழித்துப் பார்த்தேன். நான் இல்லாவிட்டால் அவன் முகமும் செத்துப்போகிறது. திரும்ப வரைந்தேன்.

மார்ச் 30
தங்கை படத்தின் முன்னால் நின்று வெகுநேரம் அழுதாள். உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு விரல் என் பக்கம் வந்து நின்றது.

"அவர் உன் முடிச்சைப் பாக்குறார். நீ எங்கண்ணா பாக்குறே?"

மழையை, என்றேன்.

"அப்ப அவரோடதை?"

"யாரும் பாக்கலம்மா."

அழுகை நின்றுவிட்டது. படத்தைத் துணியில் சுற்றினாள். பெயின்ட் இன்னும் காயலையே, ஒட்டிக்குமே என்று சொல்ல வாயெடுத்தேன் - என்ன புத்தி எனக்கு!

ஏப்ரல் 11
பக்கத்து வீட்டு டெய்லரிடம் தங்கை சொல்லி அனுப்பியிருக்கிறாள். படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டாளாம். நான் இனி அந்த வீட்டுப் பக்கம் வர வேண்டாமாம்.

மத்தியானம் பேக்கரி போர்டை எழுதி முடித்தேன். எல்லா எழுத்தும் நேராக வந்தது.