பத்து மகரந்தத் தாள்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? கூசமோவில் மழை விடவில்லை.

செவ்வாயன்று சின்ன விஷயம் ஒன்று நடந்தது. சதுப்பில் கால்வாய் வெட்ட இயந்திரம் வந்து நின்றது. வெட்டுவதற்கு முன் நான் தாவரக் கணக்கெடுப்புக்குப் போனபோது அங்கே ஐந்து இதழ் மஞ்சள் பூ ஒன்று இருந்தது. மகரந்தத் தாள் பத்து என்றால் அது சட்டம் காக்கும் அரிய லெத்தோரிக்கோ, அங்கே கால்வாய் வெட்டக் கூடாது. எண்ண முடியாத அளவு இருந்தால் ஊரெல்லாம் பூக்கும் லெய்னிக்கி. பறிப்பது குற்றம் என்பதால் குனிந்து எண்ணினேன். சதுப்பில் ஒரே இடத்தில் நிற்காதே என்று நீங்கள் சொன்னது ஏழாவது தாளில் நினைவுக்கு வந்தது. அப்போது சேறு இடுப்புக்கு வந்திருந்தது.

"பொண்ணே, எண்ணுறியா, புதையுறியா?" என்று கத்தினார் இயந்திரம் ஓட்டும் தௌனோ.

"ரெண்டும்தான். பேசாதீங்க, எண்ணிக்கை தப்பிடும்!"

அவர் பலகை போட்டுக் குப்புறப் படுத்து என்னை இழுத்தார். பிறகு தானும் எண்ணினார்.

"பத்தேதான். என் பொழப்புல மண்ணு," என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அது பாதுகாக்கப்பட்ட இடம். உள்ளே சிக்கிய என் இடது பூட்ஸை எடுக்க மனுப் போட வேண்டுமாம். அதுவரை உங்கள் பழைய ஜோடியை அனுப்புங்கள். எனக்குப் பெரிதுதான்; முனையில் செருகும்படி நீளமாக ஒரு கடிதம் எழுதி வையுங்கள்.

தபால் வண்டி வந்துவிட்டது.

உங்கள் இன்கெரி