அம்மா பேரில் இருந்தது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. சமையல்தான் இன்னும் கைக்கு வரவில்லை. சோறு ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் விறைக்கிறது. தின்பவன் நான் ஒருவன்தானே, யார் குறை சொல்லப் போகிறார்கள்!

நேற்றுக் கடன் கம்பெனிக்காரர் பட்டறைக்கு வந்தார். உன் அம்மா இறந்த பிறகு, அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே தவணைக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். அவர் கொண்டுவந்ததோ நல்ல செய்தியாம். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் மீதியைக் காப்பீடு கட்டிவிடுமாம். இனி ஒரு காசு தர வேண்டாம், அந்தக் கடனில் வாங்கிய, கீல் அடிக்கிற பிரஸ் மிஷின் நமக்கே சொந்தம் என்றார். செத்தும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் அவருக்கு நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

உனக்குத்தான் தெரியுமே, அவர்கள் பெண்கள் பேரில்தான் கொடுப்பார்கள். பட்டறை என் பேரில், கடன் அவள் பேரில். வாராவாரம் குழுவில் போய் உட்கார்ந்தவள் அவள்தான். நம்மிடம் கீல் வாங்கிய கடைக்காரர் பணம் தராமல் இழுத்தடித்தபோதும், யாரிடமாவது கைமாற்று வாங்கித் தவணையைக் கட்டிவிடுவாள். "இந்த உலகத்துல என் பேர்ல இருக்கறது இந்தக் கடன் ஒண்ணுதான், அதையும் கெடுத்துக்கணுமா?" என்று சிரிப்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இப்போது அதுவும் அவள் பேரில் இல்லை.

மிஷின் இருக்கிறது, தகடு வாங்கப் பணமில்லை. புதுக் கட்டடத்துக்குக் கதவுக் கீல் ஆர்டர் ஒன்று காத்திருக்கிறது. அம்மா நல்ல பேர் வாங்கியிருக்கிறாள், வீட்டில் வேறு பெண் இருந்தால் உடனே புதுக் கடன் தருகிறோம் என்றார் கம்பெனிக்காரர். வேலையை விட்டுவிட்டு வந்து கடனுக்கு நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று நீ எழுதியிருந்தாயே, அது நினைவுக்கு வந்தது. பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன், ஆசையாகவும் இருந்தது.

வீட்டில் பெண் யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மிஷினுக்கு விலை பேசியாயிற்று. அடுத்த தெருப் பட்டறையில் எனக்கு வேலை தருகிறார்கள். கோபப்படாதே. மிஷின் விற்ற பணத்தை உனக்கு அனுப்புகிறேன். அது அம்மா சம்பாதித்தது. அதை வைத்துச் சின்னதாக ஓர் இடம் வாங்கு. பத்திரத்தில் அப்பா பேரும் வேண்டாம், நாளைக்கு வரப்போகிற மாப்பிள்ளை பேரும் வேண்டாம்.

உன் பேரில் நல்லது ஒன்று இருக்கட்டும், கண்ணு.

அப்பா