ஏழு பழத்தையும் நான்தான் தின்னேன்

அக்கா,

முதல்ல ஒண்ணை ஒத்துக்கிறேன். நீங்க குர்ஆனில் மரியம் சூரா ஓதி ஊதி, "இத உன் மககிட்ட குடு லூர்து"ன்னு கொடுத்து விட்டீங்களே ஏழு பேரீச்சம்பழம், அதில் ஒண்ணுகூட எம்மக ஜெஸி வாயில் படவில்லை. ஏழையும் நான்தான் தின்னேன். ஆரப்பாளையத்தில் இருந்து கோச்சடை போற ஷேர் ஆட்டோவில், முந்தானையால் வாயை மூடிக்கிட்டு, பல்வலிக்காரி மாதிரி முகத்தை வச்சுக்கிட்டுத் தின்னேன்.

இன்னைக்குக் காலையில் பழைய கைப்பையைத் துவைக்கலாம்னு கவுத்தினேன். உள் ஜிப்புக்குள்ளே இருந்து ஏழு கொட்டையும் தரையில் உருண்டது. ஓதின பழத்தோட கொட்டை, ரோட்டில் துப்ப மனசு வரவில்லை. அன்னைக்குப் பைக்குள்ளே போட்டு ஜிப்பை இழுத்தவள் அப்படியே மறந்துட்டேன். ஒண்ணை எடுத்து மோந்து பார்த்தேன். பழ வாசமெல்லாம் எப்பவோ போயிருச்சு. தையல் மெஷின் எண்ணெய் வாசம்தான் வந்தது. உங்க கை வாசம். அதான் பையை ஊறப் போட்டுட்டு எழுத உக்காந்துட்டேன். நான் எட்டாவதோட நின்னவள், பிழை இருக்கும். நீங்க ஆறாவது, அதனால் உங்களுக்குத் தெரியப் போறதில்லை.

நாம பேச ஆரம்பிச்சதே சண்டையில்தான். சமயநல்லூர் நைட்டி கம்பெனியில் எனக்கு எதிர் மெஷினை உங்களுக்குக் கொடுத்தாங்க. நான் கழுத்துப் பட்டி அடிப்பேன், நீங்க நைட்டிக்குக் கை ஏத்தித் தைப்பீங்க. கோரிப்பாளையத்தில் இருந்து தினமும் பஸ் ஏறி வருவீங்க. மூணு நாள் உம்முன்னு இருந்தீங்க. நாலாம் நாள் என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்துக்கிட்டே கேட்டீங்க.

"ஏ புள்ள, கோவிச்சுக்காத. கடவுளுக்கு மகன் இருக்காருன்னு சொல்றீகளே, அது எப்படி?"

"உங்களுக்கு ஒரு மக இருக்கிறப்ப அவருக்கு ஒரு மகன் இருக்கக் கூடாதாக்கா?"

"அஸ்தஃபிருல்லா"ன்னு கன்னத்தில் போட்டுக்கிட்டீங்க. அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் துணியைக் கோணலாகத் தள்ளி ஊசியை ஒடிச்சீங்க. இந்தப் பொம்பளையோட காலம் தள்ளலாம்னு எனக்கு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் நாம விடவே இல்லை. இயேசு சிலுவையில் செத்தார், மூணாம் நாள் உயிர்த்தார்னு நான் சொல்வேன். ஈசா நபி சாகவே இல்லை, அல்லா அப்படியே மேலே எடுத்துக்கிட்டான்னு நீங்க சொல்வீங்க. "செத்தாரு", "சாகல", "செத்தாரு", "சாகல"ன்னு பேசிப் பேசியே ஒரு டஜன் நைட்டி முடியும். ஒரு நாள் சூப்பர்வைசர் அண்ணன் தாங்க முடியாமல் எழுந்து வந்தார்.

"ஏத்தா, கடைசியா என்னதான் முடிவு? இப்ப இருக்காரா, இல்லையா?"

"இருக்காரு"ன்னோம், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில்.

"திரும்ப வருவாரா?"

"வருவாரு"ன்னோம், அதுவும் ஒண்ணாவே.

"அப்ப வந்ததும் அவருகிட்டயே கேட்டுக்கங்க. இப்ப கழுத்துப் பட்டிய ஓட்டுங்க. எனக்கு எங்க முனியாண்டி போதும்."

அவர் போன பிறகு நீங்க என்னைப் பார்த்தீங்க, நான் உங்களைப் பார்த்தேன். அம்புட்டு நாள் கத்தினோமே, ரெண்டு பேருமே அவர் உயிரோட இருக்காருன்னுதான் சொல்றோம்கிறதைக் கவனிக்கவே இல்லையே. கொஞ்சம் ஏமாத்தமாகக்கூட இருந்தது. மறுநாள் வேற சண்டை பிடிச்சுக்கிட்டோம்.

ஓயாத வழக்கு எதுன்னா, எங்க மாதாவை நீங்க மரியம்னு சொல்வீங்களே, அந்த மரியம் வழக்குதான். ஜெஸி மாசமாக இருந்த சமயம் நீங்க அந்தக் கதையைச் சொன்னீங்க. மரியத்துக்கு வலி எடுத்தது. ஆள் இல்லாத இடத்தில் ஒரு பேரீச்சை மரத்தடிக்குப் போனாங்க. "இதுக்கு முன்னாடியே நான் செத்துப் போயிருக்கக் கூடாதா"ன்னு அழுதாங்க. கவலைப்படாதே, கீழே ஓடை ஓடுது, மரத்தை உலுக்கு, பழம் விழும்னு ஒரு குரல் வந்தது. நான் தைக்கிறதை நிறுத்திட்டுக் கேட்டேன். பைபிளில் எங்க மாதா பிள்ளையைப் பெத்தாங்க, துணியில் சுத்தித் தீவனத் தொட்டியில் கிடத்தினாங்க, அம்புட்டுதான். வலியைப் பத்தி ஒரு வரி கிடையாது. ஆனால் அதுக்காக விட்டுக் கொடுக்க முடியுமா?

"வலியில கெடக்கிறவள மரத்த உலுக்கச் சொல்றது எந்த ஊரு நியாயம்க்கா? நானும் நீங்களும் சேந்து புடிச்சு உலுக்கினாலும் பேரீச்ச மரம் அசையுமா?"

"உலுக்கினதுதான்டி அவ கை. உதுத்தது அவன்." கொஞ்ச நேரம் தச்சுட்டுத் திரும்பினீங்க. "அது கெடக்கட்டும். உங்க தொழுவத்துல அவளுக்குத் தண்ணி மோந்து குடுத்தது யாரு? தொப்புள்கொடி அறுத்தது யாரு? உங்க சூசையப்பரா? அவரு மர வேலை பாக்குறவருடி, அவருக்கு என்ன தெரியும்?"

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பங்குச் சாமியாரைப் பிடிச்சுக் கேட்டேன். மாதா வலி இல்லாமலே பெத்தாங்கன்னு திருச்சபையில் ஒரு பழைய நம்பிக்கை உண்டும்மான்னார். மறுநாள் அதை வெற்றிக் கொடி மாதிரி தூக்கிக்கிட்டு வந்தேன். நீங்க சிரிக்கவில்லை. "வலிக்கலன்னா அவ எப்படிடி நம்மள்ல ஒருத்தி ஆவா?"ன்னு கேட்டீங்க. "மாதா அம்புட்டுப் பெரிய விசுவாசி, செத்திருக்கலாம்னெல்லாம் சொல்லவே மாட்டாங்க"ன்னு மேசையைத் தட்டிப் பேசினேன். நீங்க என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு நூலைக் கோத்தீங்க.

ஒரு இடத்தில் மட்டும் நாம ஒத்துப் போனோம். உங்க கதையிலும் சரி, எங்க கதையிலும் சரி, அவங்க பக்கத்தில் இன்னொரு பொம்பளை இல்லை. "நம்ம ரெண்டு பேருல ஒருத்தியாவது அங்கன இருந்திருக்கலாம்"னீங்க. "ஆமாக்கா"ன்னேன்.

ஜெஸிக்கு நாள் நெருங்கினதும் பழத்தை ஒரு நைட்டித் துண்டுத் துணியில் முடிஞ்சு கொண்டு வந்தீங்க. ஆசையாகத்தான் வாங்கிக்கிட்டேன். ஆனால் ஆஸ்பத்திரி பக்கம்னு ஜெஸி கோச்சடையில் மாமியார் வீட்டிலேயே இருந்தாள். எங்க சம்பந்தியம்மாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே, பெந்தெகொஸ்தே சபை. மத்தவங்க ஓதினது, படைச்சது எதுவும் அந்த வாசல்படி தாண்டக் கூடாது. என் ஜெபமாலையையே செருப்பு ஸ்டாண்டு மேலே வச்சுட்டு வரச் சொன்னவங்க. நல்ல மனுசிதான், ஜெஸிக்காக மூணு நாள் உபவாசம் இருந்து முட்டி தேய ஜெபம் பண்ணினாங்க. ஆனால் அந்தக் கண்ணுக்கு முன்னாடி ஒரு பையை மறைச்சுக் கொண்டு போக முடியாது. உள்ளே கொண்டு போகப் பயம். தூக்கிப் போடவும் பயம், ஓதினது எங்க மாதா கதையும்தானே. வேற என்ன செய்வேன்? அன்னைக்கு ராத்திரிக்குள்ளே எனக்கு வயிறு ரொம்ப லேசாயிருச்சு. அதுக்கு மேல் சொல்ல வேண்டாம்.

ஜெஸிக்கு வலி கண்ட அன்னைக்கு நீங்க லீவு போட்டுட்டு வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உக்காந்தீங்க. காலையில் இருந்து பொழுது சாயுற வரைக்கும். நான் ஜெபமாலையை உருட்ட, நீங்க தஸ்பீ மணியை உருட்ட, யாரு மொதல்ல முடிக்கிறான்னு வேற ஓரக்கண்ணால் பார்த்துக்கிட்டோம். சுகப்பிரசவம், பொம்பளைப் பிள்ளைன்னு நர்ஸ் வந்து சொன்னதும் என் தொடையில் ஒரு அறை விட்டீங்க.

"பாத்தியா! ஏழும் தின்னாளா?"

"தின்னாக்கா."

"மிச்சம் வைக்காம?"

"கொட்டைதான் மிச்சம்."

மறுநாள் கம்பெனி பூராவும் மரியம் பழம் வேலை செஞ்ச கதைதான். சூப்பர்வைசர் அண்ணன் தன் மருமகளுக்கும் ஏழு கேட்டார். நான் வாயைத் திறந்தால் ஜெயிச்சிருக்கலாம். திறந்தால் மாட்டிக்குவேன். தெரிஞ்சே நான் தோத்த வழக்கு அது ஒண்ணுதான். அப்புறம் சொல்லிக்கலாம், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். போன வருசம் பக்ரீத் முடிஞ்ச வாரத்தில் நெஞ்சு வலின்னு சாஞ்ச நீங்க எழுந்திருக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து உங்க முகத்தைப் பார்த்தேன். சந்தூக்குப் பெட்டியில் வச்சுத் தூக்கினாங்க. எங்க வழக்கத்தில் பொம்பளைகளும் கல்லறை வரைக்கும் போவோம், நான் பாட்டுக்குப் பின்னாலேயே நடந்தேன். ஒரு அம்மா கையைப் பிடிச்சு, "நாம இங்கனயே இருந்துக்கணும்மா"ன்னாங்க. ஏன்னு கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் என்னோட மல்லுக்கு நின்னு பதில் சொல்ற ஒரே ஆள் அதுக்குள்ளே தெருமுனை திரும்பியாச்சு. நீங்க எந்த இடத்தில் இருக்கீங்கன்னு இன்னும் எனக்குத் தெரியாது. அதனால்தான் கல்லறையில் ஏத்துற மெழுகுவத்திக்குப் பதிலாக இந்தக் காகிதம்.

இந்த நோன்பில் உங்க மக பர்வீன் போன் பண்ணினாள். எட்டு மாசம். மாமியார் படுத்த படுக்கை, நாத்தனார் மட்டும் வந்து போறாளாம். நோன்பு திறக்கிற நேரத்துக்கு வரச் சொல்லி, கஞ்சி ஊத்திக் கையில் கொடுத்துட்டுக் கேட்டாள்.

"லூர்தும்மா, ஜெஸிக்கு எங்கம்மா ஓதிக் குடுத்துச்சே, அத அவ ஒரே நாள்ல தின்னாளா, நாளுக்கு ஒண்ணா தின்னாளா? எங்க நாத்தனா ஓதித் தாரேன்னுச்சு. அதே மாதிரிதான் நானும் திங்கணும். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வச்சேன். பொய் சொன்னால் பிள்ளைக்குத் தைரியம். உண்மையைச் சொன்னால் அந்தத் தைரியத்தை நானே பிடுங்கின மாதிரி. ஆனால் உங்களை ஏமாத்தினது போதாதுன்னு உங்க மகளையும் ஏமாத்தவா?

"ஒரே நாள்லதான்"னேன். "ஆனா தின்னது ஜெஸி இல்லத்தா. நான்."

உத்துப் பார்த்தாள். அப்புறம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாள். அச்சு அசல் உங்க சிரிப்பு. "ஏம்மா, எங்கம்மா அத கோரிப்பாளையம் பூரா சொல்லிச்சே! மீன்காரர்கிட்டகூட சொல்லிச்சே!" சிரிச்சு முடிச்சதும் கண் கலங்கிருச்சு. "அப்ப அது வேலை செய்யலையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? தின்னவளுக்குப் பிரசவம் இல்ல, பிரசவம் ஆனவ திங்கல. நீ தின்னு பாரு, அப்பத்தான் தெரியும். ஆனா ஒண்ணு எனக்குத் தெரியும். அன்னைக்குப் பூரா உங்கம்மா அந்தப் பெஞ்ச விட்டு எந்திரிக்கல."

மூக்கைத் துடைச்சுக்கிட்டுக் கேட்டாள். "அப்ப எனக்கு நீங்க வாரீகளா?"

"வாரேன்."

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பர்வீன் ஏழையும் தின்னுட்டுத்தான் வந்திருந்தாள். வலி ஏற ஏற என் கையைப் போட்டு நெரிச்சாள். உள்ளே கூட்டிப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, "இதுக்கு முன்னாடியே நான் செத்துப் போயிருக்கலாம்"னு கத்தினாள். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. நீங்க சொன்ன அதே பேச்சு. கதை ஞாபகத்தில் சொன்னாளா, வலியே அதைச் சொல்ல வச்சதா, தெரியவில்லை. ஆனால் ஜெஸியைப் பெத்த அன்னைக்கு நானும் அதைத்தான் சொன்னேன்க்கா. எங்கம்மா என் வாயைப் பொத்தினாங்க. அதை மறைச்சுட்டுத்தான் மாதா அப்படிச் சொல்லவே மாட்டாங்கன்னு உங்ககிட்ட மேசையைத் தட்டியிருக்கேன். பழத்து வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் வலி வழக்கில் நீங்க ஜெயிச்சுட்டீங்க. என் கையாலேயே எழுதிக் கொடுத்துட்டேன்.

நீங்க போனதில் இருந்து கேள்வி மட்டும் என்கிட்ட சேர்ந்துக்கிட்டே போகுது. கல்லறைக்குப் பொம்பளை ஏன் வரக் கூடாது? சம்பந்தியம்மா சாமியும் என் சாமியும் ஒண்ணுதான்னா என் ஜெபமாலை ஏன் செருப்போட இருக்கணும்? அவர் திரும்பி வரும்போது எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்? எதிர் மெஷினில் இப்ப ஒரு சின்னப் பொண்ணு. காதில் ஒயரை மாட்டிக்கிட்டுத் தைக்கிது. எதைக் கேட்டாலும் "என்னக்கா?"ங்குது. கேள்வியை எல்லாம் மடியிலேயே கட்டிக்கிட்டுத் திரியுறேன்.

ஆம்பளைப் பிள்ளைக்கா. ரெண்டு உசுரும் நல்லா இருக்கு. "பொண்ணு பக்கத்து ஆளு யாரும்மா?"ன்னு நர்ஸ் கேட்டதும் நான் கையை நீட்டினேன். துணியில் சுத்தி என் கையில் வச்சாங்க. மூக்கு உங்களுடையது. பிறந்த பிள்ளை கைக்கு வந்ததும் கட்டைவிரலால் நெத்தியில் சிலுவை போடுறது எங்க வழக்கம். ஜெஸிக்குப் போட்டேன். ஜெஸி மகளுக்கு, சம்பந்தியம்மா டீ வாங்கப் போன நேரத்தில் போட்டேன். இவனுக்கும் கை தானாகப் போட்டுருச்சு. நிமிர்ந்து பார்த்தால், பிள்ளை காதில் பாங்கு சொல்லக் கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டு, ஈரக் கையோட உங்க மருமகன் நிக்கிறார்.

"என்னம்மா அது?"ன்னார்.

"கொசு"ன்னேன்.

அது ஏசி ரூம்.